சுவரில் காமிக்ஸ்: பிரேமைத் திருப்பிப் பாருங்கள் (நுகர்வோர் கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காமிக்ஸ் ஓவியப் பிரிண்ட் வாங்குவது, பிரேம் போடுவது பற்றியவை. அதனால் மிக்சி, இன்வெர்ட்டர் கேள்விகளை அடுத்த முறைக்கு எடுத்து வைத்துவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: இணையத்தில் ஒரு காமிக்ஸ் அட்டைப்பட பிரிண்டை 'லிமிடெட் எடிஷன், ஜிக்லே' என்று போட்டிருந்தார்கள். 3,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அடியில் பென்சிலில் '47' என்று மட்டும் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (கோயம்புத்தூர்)

இன்னும் முடிவு கட்ட வேண்டாம். ஆனால் 47 என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தம் எதுவும் இல்லை. 47/200 என்று இருந்தால்தான் மொத்தம் இருநூறு பிரதிகள், அதில் உங்களுடையது நாற்பத்தேழாவது என்று பொருள். மொத்தம் எத்தனை, வேறு அளவிலும் இதே படத்தை விற்கிறார்களா, ஓவியரிடமோ பதிப்பாளரிடமோ உரிமை வாங்கியிருக்கிறார்களா என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள்.

'ஜிக்லே' என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். 1991இல் அமெரிக்காவில் ஜாக் டுகான் என்ற அச்சுக் கலைஞர், இங்க்ஜெட் பிரிண்டுக்குக் கொஞ்சம் மரியாதையான பெயராக இருக்கட்டும் என்று பிரெஞ்சுச் சொல்லிலிருந்து உருவாக்கியது அது. இன்று யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் போடலாம். நீங்கள் கேட்க வேண்டியது மையையும் காகிதத்தையும். பிக்மென்ட் மை (நுண்ணிய நிறத்துகள் கலந்தது, எளிதில் வெளுக்காது), பருத்திக் காகிதம், மொத்த எண்ணிக்கையும் உண்டு என்றால் கொடுத்த விலை வீண் இல்லை. சீக்கிரம் வெளுக்கும் சாயமான டை மையில் சாதா போட்டோ பேப்பர் என்றால் அது 3,200 ரூபாய்ப் பொருளே இல்லை. விளம்பரத்தில் சொன்னதும் கைக்கு வந்ததும் வேறு என்றால் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: பிரிண்டை லேமினேட் செய்துவிட்டால் பிரேம் செலவு மிச்சம்தானே? (ஈரோடு)

செய்யாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க வழியே இல்லை.

கேள்வி: என் மகன் முதல் சம்பளத்தில் ஒரு காமிக்ஸ் ஓவியரின் பிரிண்டை வாங்கித் தந்தான். அடி விளிம்பில் ஓவியரே கையெழுத்துப் போட்டு எண்ணும் எழுதியிருந்தார். பிரேம் கடையில் கொடுத்தேன். வாங்கப் போனபோது கையெழுத்தைக் காணோம். "பிரேம் சைஸுக்கு வெட்டினோம்மா, படம் முழுசா இருக்குல்ல?" என்கிறார்கள். மகனிடம் இன்னும் சொல்லவில்லை. (திருச்சி)

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. கொடுத்த பொருளைக் கேட்காமல் வெட்டுவது எந்தத் தொழிலிலும் தவறு. தைக்கக் கொடுத்த பட்டுப்புடவையின் முந்தானையை வெட்டிவிட்டு, உடல் பகுதி இருக்கிறதே என்று சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

முதலில் வெட்டிய துண்டு கடையில் கிடக்கிறதா என்று இன்றே போய்க் கேளுங்கள். குப்பைக் கூடையில் இருந்தாலும் வாங்கி வாருங்கள். துண்டு கிடைத்தால், காகிதத்தைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரால் பின்பக்கமாகச் சேர்த்துவைக்க முடியும். தழும்பு தெரியும், ஆனால் கையெழுத்து படத்தோடு இருக்கும். நீங்களே செல்லோ டேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள்.

அப்புறம் பிரேம் கடை ரசீது, மகன் பிரிண்ட் வாங்கிய ரசீது, வெட்டுவதற்கு முன் எடுத்த புகைப்படம் ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் சேருங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி, இழப்பீடு கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடைக்கு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மகனிடம் சொல்லிவிடுங்கள். அவர் அந்த ஓவியருக்கு நடந்ததை எழுதினால், ஓவியர் மீண்டும் ஒரு கையெழுத்துப் போட்டுத் தரக்கூடும்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த ஒரு அட்டைப்படத்தைக் கடையில் கொடுத்து ஏ2 அளவில் பிரிண்ட் போட்டேன். மங்கலாகக் கட்டம் கட்டமாக வந்திருக்கிறது. கடைக்காரர் பணம் திருப்பித் தர மறுக்கிறார். எங்கே புகார் செய்வது? (சென்னை)

புகாருக்கு இடமே இல்லை. நீங்கள் இணைத்திருந்த கோப்பைத் திறந்து பார்த்தேன். அகலம் 600 பிக்சல். ஏ2 தாளின் அகலம் பதினாறரை அங்குலம். வகுத்துப் பாருங்கள், அங்குலத்துக்கு 36 புள்ளி வருகிறது. நல்ல அச்சுக்கு 300 வேண்டும். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு 150ஆவது வேண்டும். இது தெரிந்தும் கடைக்காரர் உங்களிடம் சொல்லாமல் விட்டிருந்தால் அது அவர் குறைதான். ஆனால் அவர் எச்சரித்ததாகவும், "பரவாயில்லை போடுங்க" என்று சொன்னதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. அந்தப் படத்தை வரைந்தவருக்கும் வெளியிட்டவருக்கும் ஒரு பைசா போகவில்லை. அதையும் யோசியுங்கள்.

கேள்வி: நான்கு வருடத்துக்கு முன் பிரேம் போட்ட காமிக்ஸ் பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஓரமெல்லாம் பழுப்பு. நல்ல கடை என்று சொல்லித்தான் கொடுத்தேன். என்ன தவறு நடந்தது? (நாகப்பட்டினம்)

முதலில் அவசர வேலை. பிய்க்காதீர்கள். பிய்த்தால் மை கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கேட்டபின் செய்யலாம்.

என்ன தவறு என்றா கேட்கிறீர்கள்? இதைப் பற்றி நான் பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பேசுவேன். நம் ஊரில் பிரேம் என்றால் முன்னால் தெரியும் சட்டம் மட்டும்தான். தேக்கு நிறமா, கருப்பா, தங்கக் கோடு வேண்டுமா என்று அரை மணி நேரம் தேர்ந்தெடுக்கிறோம். பின்னால் என்ன அட்டை வைக்கிறார்கள், எதனால் ஒட்டுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கடைக்காரரும் சொல்வதில்லை. படத்தைக் கெடுப்பது முழுக்க அந்தப் பின்பக்கம்தான்.

எனக்கும் நடந்தது. ஒரு கண்காட்சியில் பிரேமோடு ஒரு காமிக்ஸ் பிரிண்டை வாங்கினேன். கருப்புச் சட்டம், பார்க்க அவ்வளவு அழகு. ஆறு வருடத்தில் படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு விழுந்தது. பிரித்துப் பார்த்தேன். பிரிண்டை வெள்ளைப் பசையால் ஹார்ட்போர்டில் முழுக்க ஒட்டியிருந்தார்கள். இடைவெளியை நிரப்பப் பழைய செய்தித்தாளை மடித்துத் திணித்திருந்தார்கள். ராமபாணப் பூச்சி ஒரு மூலையைத் தின்று, அந்தப் பாத்திரத்தின் காலே இல்லாமல் செய்துவிட்டது. அந்த ஓவியரின் பிரிண்ட் மறுபடி எனக்குக் கிடைக்கவில்லை. இன்றும் மனசு ஆறவில்லை.

ஹார்ட்போர்டு, எம்டிஎஃப், செய்தித்தாள் எல்லாம் மரக்கூழ். அதிலிருந்து அமிலம் கசிந்து படத்துக்கு ஏறும். உங்கள் பழுப்பு அதுதான். கண்ணாடியில் ஒட்டியதற்குக் காரணம் ஈரம். கடலோர ஊர், ஐப்பசி கார்த்திகை மழை. படம் நேரடியாகக் கண்ணாடியில் அழுந்தியிருந்தால் நடுவே தங்கும் ஈரத்தில் இங்க்ஜெட் காகிதத்தின் மேற்பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் மவுண்ட். ஜன்னல் போல் வெட்டிய அந்த அட்டை அழகுக்கு மட்டும் இல்லை. அதன் ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான் படத்தையும் கண்ணாடியையும் பிரித்து வைக்கிறது.

அதனால் கடையில் இதைச் சொல்லுங்கள், ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்: முன் மவுண்டும் படத்துக்குப் பின்னால் வரும் அட்டையும் அமிலமில்லாதவை, அதாவது ஆசிட் ஃப்ரீ. படத்தை வெட்டக் கூடாது. முழுக்க ஒட்டக் கூடாது, மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு தொங்கவிட வேண்டும். மழைக்காலத்தில் காகிதம் விரியும், வெயிலில் சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டினால் அலை அலையாக எழும்பிவிடும். பிரேமின் பின்னால் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் குமிழ் வைத்தால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்றுப் போகும். ஓதம் ஏறும் சுவரிலும், குளியலறைக்கு அடுத்த சுவரிலும் மாட்டாதீர்கள். வெயில் நேராக விழும் சுவர் என்றால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி கண்ணாடி போட்டாலும் நிறம் போகும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மையை வெளுக்கும். வெளுத்த நிறம் திரும்பி வராது.

"அதெல்லாம் இங்க யாரும் கேட்கறதில்ல சார்" என்று கடையில் சொல்வார்கள். அட்டையை நீங்களே ஓவியப் பொருட்கள் விற்கும் கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: வீட்டில் 1970களின் பழைய முத்து காமிக்ஸ் சில இருக்கின்றன. அட்டைகளைக் கிழித்து வரிசையாகப் பிரேம் போட நினைக்கிறேன். எந்த நிற மவுண்ட் எடுப்பாக இருக்கும்? (விருதுநகர்)

கிழிக்காதீர்கள். 1972இல் சிவகாசியிலிருந்து தொடங்கிய வரிசை அது. அந்தக் காலத்துப் பிரதி முழுதாகக் கிடைப்பதே அரிது. அட்டையைக் கிழித்தால் உங்களிடம் மிஞ்சுவது அட்டையில்லாத புத்தகமும் வெளுக்கப்போகும் ஒரு தாளும். அட்டையை ஸ்கேன் செய்து, உங்கள் வீட்டுச் சுவருக்கு மட்டும் ஒரு பிரதி எடுத்து மாட்டுங்கள். புத்தகத்தைப் பாலியெஸ்டர் உறையில் போட்டு, அமிலமில்லாத அட்டையை முதுகுக்கு வைத்து, இருட்டான அலமாரியில் வையுங்கள்.

கேள்வி: 'இரும்புக்கை மாயாவி'யின் ஒரிஜினல் ஓவியப் பக்கம் என்று ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். தமிழ் வசனத்தோடு இருக்கிறது. வாங்கலாமா? (மதுரை)

பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். அந்தக் கதையை முதலில் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ. வரைந்தது 1962இல் தொடங்கிய 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழுக்கு. ஒரிஜினலில் வசனம் இருந்தால் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் வசனம் இருக்கிறது என்றால், அதிகபட்சம் அது தமிழ்ப் பதிப்புக்காகப் படப் பிரதியின் மேல் தமிழ் வசனத்தை ஒட்டி அச்சகத்தில் தயாரித்த பக்கம். அதற்கும் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு உண்டு. ஆனால் அது ஒரிஜினல் ஓவியம் ஆகாது, அதன் விலையும் வேறு.

எந்த 'ஒரிஜினல்' ஆனாலும் நகைக்கடையில் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றோடு போங்கள். கருப்புக் கோட்டின் ஓரத்தில் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. தூரிகைக் கோடு என்றால் ஓரம் முழுதாக இருக்கும், பட்டையாகக் கருப்பு பூசிய இடத்தில் மை ஏற்ற இறக்கமாகத் தெரியும். அடியில் பென்சில் தடம், திருத்திய இடத்தில் வெள்ளை மை இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக ஓவியர்கள் அச்சு அளவைவிடப் பெரிதாக வரைவார்கள். புத்தகப் பக்கத்தின் அதே அளவில் இருந்தால் சந்தேகப்படுங்கள். லென்ஸ் இல்லாமல் போய் ஒருமுறை 7,000 ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது பக்கம் முழுக்கப் புள்ளி. விற்றவர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை.

கேள்வி: காமிக்ஸ் பிரிண்ட் வாங்கி வைத்தால் பத்து வருடத்தில் விலை ஏறுமா? (சேலம்)

விலை ஏறுவதற்கு என்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய பிரிண்ட் மடிந்து, நடுவில் கோடு விழுந்து வந்தது. "பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை, அதனால் மாற்றித் தர முடியாது" என்கிறார்கள். (தூத்துக்குடி)

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வீடியோ இருந்தால் நிரூபிப்பது எளிது, அவ்வளவுதான். அது இல்லை என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. குறைபாடுள்ள பொருளைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்பவர் தரப்பின் குறைதீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். இந்த விதியைக் குறிப்பிட்டு, அட்டைக் குழாய் நசுங்கிய படத்தையும் சேர்த்து இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். குழாயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. சேர்த்து வைத்தது 800 ரூபாய். ஒரு காமிக்ஸ் பிரிண்ட் வாங்கி என் அறையில் மாட்ட ஆசை. இந்தக் காசில் முடியுமா? (தஞ்சாவூர்)

முடியும் அம்மா. பெரிய அளவுக்கு ஆசைப்படாமல் ஏ5 அல்லது ஏ4 பாருங்கள். இணையத்தில் தங்கள் வேலையைத் தாங்களே விற்கும் இளம் ஓவியர்கள் பலர் இருக்கிறார்கள். நேராக அவர்களிடமே வாங்குங்கள், பிக்மென்ட் மையா என்று ஒரு வரி கேளுங்கள். மிச்சக் காசில் மவுண்ட் உள்ள ரெடிமேட் பிரேம் ஒன்று வாங்குங்கள். பின் அட்டையைக் கழற்றி, படத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு அமிலமில்லாத தாளை வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டு, ஜன்னல் இருக்கும் சுவரிலேயே ஒரு ஓரமாக மாட்டுங்கள், வெயில் படாது. எந்த ஓவியரின் படத்தை வாங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.