யார் அளந்த வேகம்?

அன்புள்ள ஐயா,

மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். காந்தப்புலத்தில் மின்துகள் மீதான விசை அதன் திசைவேகத்தைப் பொறுத்தது என்றதும், "துகளோடு நானும் அதே வேகத்தில் போனால் எனக்கு அது நின்றுகொண்டிருக்கும்; அப்போது விசை எங்கே போகும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடத்திட்டத்தில் இல்லை என்று தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. என்ன சொல்லலாம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுச் சார்பியல் கட்டுரை ஏறக்குறைய இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. காந்தத்தை நகர்த்தினாலும் கம்பிச்சுருளை நகர்த்தினாலும் தோன்றும் மின்னோட்டம் ஒன்றே. அன்றைய கோட்பாடோ இரண்டுக்கும் வெவ்வேறு காரணம் கூறியது.

ஆகவே ஒரு சட்டகாந்தம், சுருள், சிறு மின்னோட்டத்தையும் முள் விலகலால் காட்டும் கால்வனோமீட்டர் ஆகியவற்றை வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். சுருளை நகர்த்தும்போது அதோடு செல்லும் எலக்ட்ரான்களைக் காந்த விசை தள்ளுகிறது எனலாம். காந்தத்தை நகர்த்தும்போது எலக்ட்ரான்கள் சராசரியாக நிலையாக இருந்தும் முள் அதே அளவு விலகுவதால், அங்கே ஒரு மின்புலம் இருந்தாக வேண்டும் என்பதை மாணவர்களே சொல்லட்டும். சூத்திரத்தில் உள்ள திசைவேகம் காந்தத்தைச் சார்ந்தது அன்று, புலத்தை அளப்பவரின் குறிப்பாயத்தை (அவர் எதை நிலையாகக் கொண்டு அளக்கிறாரோ அதை) சார்ந்தது என்ற ஒரு வரியைக் கரும்பலகையில் அன்றே எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அவளுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவே சொல்லலாம். மின்னோட்டம் பாயும் கம்பிக்கு வெளியே, உள்ளிருக்கும் எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகத்திலேயே (மின்னோட்டத்தின்போது அவை சராசரியாக நகரும் வேகத்திலேயே) ஓர் எலக்ட்ரான் இணையாகச் செல்வதாகக் கொள்ளுங்கள். நமக்குக் கம்பி மின்நடுநிலையானது. எலக்ட்ரானை அதை நோக்கி இழுப்பது காந்த விசை. எலக்ட்ரானோடு செல்பவருக்கோ நேர் அயனிகள் பின்னோக்கி ஓடுகின்றன. ஓடும் பொருளின் நீளம் ஓடும் திசையில் குறைந்து தெரியும் நீளக் குறுக்கத்தால் அவை நெருங்கியும், அவருக்கு நிலையாகிவிட்ட கம்பியின் எலக்ட்ரான்கள் அக்குறுக்கம் நீங்கி விலகியும் அமைவதால், கம்பி நேர் மின்னூட்டம் கொண்டதாகி மின்விசையால் இழுக்கிறது.

ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செப்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் பாயும்போது இழுப்புத் திசைவேகம் நொடிக்கு 0.1 மில்லிமீட்டர்கூட இல்லையே, இதில் குறுக்கம் எம்மாத்திரம் என்று அவள் மடக்கக்கூடும். குறுக்கம் மிக மிகச் சிறியதே; ஆனால் அக்கம்பியின் ஒரு மீட்டரில் இயங்கும் எலக்ட்ரான்களின் மின்னூட்டம் சுமார் 13,600 கூலும் என்பதால், சமநிலை இம்மியளவு பிசகினாலே போதும்.

ஒரு எச்சரிக்கை: எலக்ட்ரானோடு செல்பவருக்குக் காந்தப்புலமே மறைந்துவிடும் என்று சொல்லிவிடாதீர்கள். ஓடும் அயனிகளும் மின்னோட்டம்தான் என்பதால் புலம் அங்கும் உண்டு. அவருக்கு நிலையாக இருக்கும் அந்த எலக்ட்ரான் மீதான காந்த விசைதான் சுழி.