உதவித்தொகை கூடினால் தானாக வரும். அதற்கு 3,000 ரூபாய் எதற்கு?

கேள்வி: பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயனில் இருக்கிறோம். மகனுக்கு 17 வயது. மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடும் உண்டு. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. நான் கொழுந்து பறிக்கப் போகும் நேரம் பக்கத்து வீட்டுப் பெண் அவனைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு என்னால் முடிந்ததைக் கொடுக்கிறேன். பார்த்துக்கொள்பவருக்கும் அரசு பணம் தருகிறதாம், அதையும் உயர்த்தப்போகிறார்களாம். இப்போதே பதிந்தால்தான் கூடுதல் தொகை கிடைக்கும் என்று ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஏற்கெனவே முன்பணம் என்று ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். ஆதார் நகலோ, மகனின் அடையாள அட்டை நகலோ அவரிடம் இருந்தால் அதையும் வாங்கிவிடுங்கள்.

உதவித்தொகையை உயர்த்துவது அரசாணை மூலம் நடக்கும். பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோருக்கும் அதே வங்கிக் கணக்கில் கூடுதல் தொகை வந்து சேரும். உங்கள் மகன் வாங்கும் 2,000 ரூபாயும் முன்பு 1,500 ஆகத்தான் இருந்தது. அது கூடியபோது யாரும் புது விண்ணப்பம் போடவில்லை. உயர்ந்த தொகைக்கு முன்பதிவு என்ற ஒன்று எந்தத் துறையிலும் கிடையாது. அப்படிச் சொல்பவர் உங்கள் கையில் இருக்கும் காசைத்தான் பார்க்கிறார்.

சரி, பார்த்துக்கொள்பவருக்குப் பணம் உண்டா? உண்டு. அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கு, உதவியாளர் வைத்துக்கொள்வதற்காகத் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவிலேயே இதற்கு இடம் இருக்கிறது. 2,000 வாங்கும் எல்லோருக்கும் இது தானாக வந்துவிடாது. உங்கள் மகனுக்கு அன்றாட வேலைகள் எல்லாவற்றுக்கும் இன்னொருவர் துணை வேண்டும் என்று மருத்துவர்கள் மதிப்பிட்டு எழுதித் தர வேண்டும். உதகையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் இதற்காகத் தனியாக ஒரு மனு கொடுங்கள். மனுவுக்குக் கட்டணம் இல்லை. இ-சேவை மையத்தில் ஏதாவது பதிவேற்றினால் சேவைக் கட்டணம் மட்டும்தான், அதுவும் ரசீதோடு.

இந்த மதிப்பீட்டில்தான் நம் தாய்மார்கள் கோட்டை விடுகிறார்கள். மருத்துவர் அவசரத்தில் இருப்பார். "பையன் சாப்பிடுவானா?" என்பார். "நல்லா சாப்பிடுவான் சார்" என்று அம்மா சொல்லிவிடுவார். பிள்ளையைக் குறைத்துப் பேச எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆனால் அந்த ஒரு பதிலில், தானே சாப்பிடுகிறான் என்று தாளில் ஏறிவிடும். நடப்பது என்ன? சோற்றைக் கரைத்து, தலையை இடது கையால் தாங்கி, ஒவ்வொரு வாயாக ஊட்டி, புரையேறாமல் பார்த்து, முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. அதைச் சொல்லுங்கள். "நான் ஊட்டினால் சாப்பிடுவான், ஊட்டாவிட்டால் பட்டினிதான்" என்று சொல்லுங்கள். கழிப்பறைக்கு யார் தூக்குகிறார்கள், இரவில் எத்தனை முறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள், வலிப்பு எப்போதெல்லாம் வருகிறது, லயனிலிருந்து ரோட்டுக்கு எப்படிக் கொண்டுவருகிறீர்கள், எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். உங்களுக்கு எழுத வராவிட்டால் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுதச் சொல்லுங்கள். பகல் முழுக்கப் பார்ப்பவள் அவள்தானே, முடிந்தால் அவளையும் கூட்டிப் போங்கள். அவள் சொல்வது எடுபடும் சாட்சி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் இந்தத் தொகையை உங்கள் மகனுக்குத்தான் கொடுக்கச் சொல்கிறது. அவளுக்கு அரசு சம்பளம் தரும், வேலை நிரந்தரமாகும் என்று யாராவது அவளிடமும் பணம் கேட்டால் நம்ப வேண்டாம். வந்த பணத்திலிருந்து நீங்கள் அவளுக்குக் கொடுப்பதுதான்.

இனி, என்னை அதிகம் கவலைப்பட வைக்கும் விஷயம். மாற்றுத்திறனாளிகளுக்கு மாத உதவி இரண்டு துறைகளிலிருந்து வருகிறது. ஒன்று, நீங்கள் வாங்கும் பராமரிப்பு உதவித்தொகை; மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது, 2,000. இன்னொன்று, தாலுகா அலுவலகம் வழியாக வருவாய்த்துறை தரும் ஓய்வூதியம். 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ஆனது. ஒருவர் இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். புரோக்கர்கள் செய்வது இதுதான்: "உதவியாளர் பணம்" என்று சொல்லி வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கி, தாலுகாவில் ஓய்வூதியத்துக்கு ஒரு விண்ணப்பத்தைத் தட்டிவிடுவார்கள். அது அனுமதியானால் இரண்டு மாதம் கூடுதல் பணம் வரும், நீங்களும் அவரை நம்புவீர்கள். பிறகு ஆதார் எண்ணை வைத்து இரட்டைப் பயன் என்று கண்டுபிடித்தால், முதலில் வந்துகொண்டிருந்த 2,000-ஐயே நிறுத்திவைப்பார்கள், வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்பார்கள். அப்போது அந்த ஆள் போனை எடுக்க மாட்டார். உங்கள் லயனில் வேறு யாராவது 1,500 வாங்கிக்கொண்டிருந்து, 2,000-க்கு மாற நினைத்தால், முதலில் ஓய்வூதியத்தை ரத்து செய்துவிட்டுப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். "பராமரிப்பு உதவித்தொகை அனுமதியாகும் மாதத்திலிருந்து இதை நிறுத்தச் சம்மதம்" என்று எழுதிக் கொடுக்கட்டும். ரத்து செய்துவிட்டு வந்தவரிடம், "ஒதுக்கீடு வந்தால் பார்க்கலாம், காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறீர்கள்" என்று சொன்னால் அந்த வீடு எதைச் சாப்பிடும்? கூடலூரையும் பந்தலூரையும் தாண்டி ஒரு கையெழுத்துக்காக உதகை வரை வருகிறவர்களை நாளை வா என்று அனுப்புவது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. போக வர ஒரு நாள் கூலி போகிறது என்பது மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியாததா?

மகனுக்கு 17 என்று எழுதியிருக்கிறீர்கள். 18 முடிந்ததும் சட்டப்படி அவன் வயதுவந்தவன். தாய் என்ற முறையில் மட்டும் அவன் சார்பில் கையெழுத்துப் போட வங்கி மறுக்கலாம், பணம் கணக்கிலேயே முடங்கும். அப்போது "கோர்ட்டுக்குப் போக வேண்டும், வக்கீல் செலவு இவ்வளவு" என்று இன்னொரு புரோக்கர் வருவார். தேவையில்லை. மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே பாதுகாவலர் சான்று தரும். பிறந்தநாளுக்கு முன்பே படிவத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். அப்புறம், 15 வயதில் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் புதுப்பித்தீர்களா? இல்லையென்றால் இப்போதே செய்யுங்கள். ஆண்டுதோறும் கேட்கும் வாழ்நாள் சான்றையும் விட்டுவிடாதீர்கள். தொகை கூடினாலும் இவை இல்லாதவருக்குப் பணம் நின்றுவிடும்.

தொகை உயர வேண்டுமா என்றால், கட்டாயம் உயர வேண்டும். மாதம் 1,000 என்பது நாளுக்கு 33 ரூபாய். அதற்கு யார் ஒரு 17 வயதுப் பையனைத் தூக்கி இறக்குவார்கள்? ஏதோ பெரிய மனது வைத்துத் தருவது போல மேடையில் பேசுகிறார்கள். மற்றவர்களுக்கான திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்று அதே 24-ஆம் பிரிவு சொல்கிறது. முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனபோதே அந்தக் கணக்கில் குறைந்தபட்சம் 1,500 வந்துவிட்டது. அதாவது வருவாய்த்துறை தருவது சட்டம் போட்ட அடிமட்டக் கோடு, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை. உதவியாளர் தொகைக்கோ ஒப்பிட வேறு திட்டமே கிடையாது, அதனால் அது எப்போது உயரும் என்று கேட்க ஒரு கணக்கும் இல்லை. ஒரு ஆளின் பகல் கூலியை அடிப்படையாக வைத்து அதை நிர்ணயிக்க வேண்டும், ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏற்ற வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இதையும் மனுவாகவே கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாதம் தருவது, டயப்பர், மருந்து, மருத்துவமனைக்கு ஜீப் வாடகை, நீங்கள் வேலைக்குப் போகாத நாட்களின் கூலி என்று உங்கள் வீட்டுக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதே நிலையில் உள்ள நாலைந்து வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. திங்கட்கிழமை உதகை பிங்கர்போஸ்டில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள், ஒரு நகலை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போக முடியாவிட்டால் 1100 எண்ணில் 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர்க்கும் துறைக்குச் சொல்லலாம். மகனுக்கான 1,000 ரூபாய் மனுவையும் உயர்வு கேட்கும் மனுவையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். இரண்டாவதைக் காரணம் காட்டி முதலாவதையும் சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டுக்கும் தனித்தனி மனு எண் கேட்டு வாங்குங்கள்.