புளூபெல் விதை முளைக்கவில்லையா? தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்

கேள்வி: வசந்தத் தொடக்கத்தில் தொட்டியில் புளூபெல் விதை போட்டேன். நான்கு மாதமாகியும் ஒரு முளைகூடக் காணோம். எங்கள் பகுதியில் குளிர்காலத்தில் மைனஸ் 15 டிகிரி வரை இறங்கும். விதை கெட்டுப்போனதா? முளைத்தாலும் அந்தக் குளிரில் பிழைக்குமா?

பதில்: உங்கள் விதை கெட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் முதலில் அது எந்தப் புளூபெல் என்று பாருங்கள், இந்தப் பெயரில் பல செடிகள் உண்டு. உறையில் மீதி விதை இருந்தால் உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். கடுகு போல உருண்டு, கறுத்து, பளபளத்தால் அது ஐரோப்பியக் காட்டுப் புளூபெல், கிழங்குச் செடி. தூசி போல மெல்லியதாக இருந்தால் ஸ்காட்லாந்தில் புளூபெல் என்று சொல்லும் கம்பானுலா. அதை மண்ணில் புதைக்கவே கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். சுருக்கம் விழுந்த பழுப்பு விதை என்றால் அமெரிக்காவின் வர்ஜீனியா புளூபெல். அதற்கு ஈரத்தோடு சில வாரக் குளிர் கிடைத்தாக வேண்டும்.

கறுப்பு விதை என்றே வைத்துக்கொள்வோம். இதன் கணக்கே வேறு. கோடையின் சூட்டை ஈரமண்ணில் கிடந்து வாங்கிக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் மண் 10 டிகிரியை ஒட்டித் தணிந்ததும் வேர் விடும். இலை வெளியே தெரிவது குளிர்காலக் கடைசியில். அதனால் இப்போது முளை இல்லாதது இயல்புதான். மண் காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுநாள் உலர்ந்து கிடந்த விதையானால் இன்னொரு வருடம்கூட எடுக்கும்.

முளைக்கும்போது அது ஒற்றைப் புல் இலை போலத்தான் இருக்கும். களை என்று பிடுங்கிவிடுகிறவர்களே அதிகம். தொட்டியில் பெயர் எழுதிய குச்சி ஒன்றைக் குத்தி வையுங்கள், தயவுசெய்து.

குளிரைப் பற்றிப் பயம் வேண்டாம். தரையில் வேரூன்றிய கிழங்கு மைனஸ் 20 டிகிரி வரை தாங்கும். ஆபத்து தொட்டிக்குத்தான். தரையில் குளிர் மேலிருந்து மட்டுமே இறங்கும், தொட்டியிலோ நாலாபுறமும் உறைந்துவிடும். உறைந்து இளகி, மறுபடி உறையும்போது பிஞ்சு வேர் மண்ணை விட்டு மேலே தள்ளப்படும். உறைபனிக்கு முன்பே தொட்டியை விளிம்பு வரை தரையில் புதைத்து, மேலே உதிர்ந்த இலைகளை நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். இலை எட்டிப் பார்க்கும் நேரத்தில் அந்த மூடாக்கைக் கையால் மெல்ல விலக்குங்கள். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் வேண்டாம். அங்கே கிழங்கு குளிரைவிட அழுகலால்தான் போகும்.

இரண்டு வருடம் தொட்டியிலேயே விடுங்கள். பிறகு இலை காய்ந்து அடங்கியதும் இலையுதிர் மரங்களின் அடியில் மாற்றி நடுங்கள். மரம் தழைக்கும் முன் கிடைக்கும் வசந்த வெயில் அதற்குப் போதும். கிழங்கு தன் சுருங்கும் வேர்களால் தன்னைத்தானே ஆண்டுக்காண்டு ஆழத்துக்கு இழுத்துக்கொள்ளும்.

பூ வர நான்கிலிருந்து ஏழு வருடம் ஆகலாம். அவ்வளவு காத்திருக்க முடியாதென்றால் நாற்றங்காலில் வளர்த்த கிழங்கை வாங்குங்கள். காட்டுப் புளூபெல்லின் கிழங்கையும் விதையையும் எடுத்து விற்பதை பிரிட்டன் 1998 முதல் தடை செய்திருக்கிறது, அந்த வழியில் வந்ததை வாங்காதீர்கள். பூ முடிந்த பின் இலையை வெட்டவோ மிதிக்கவோ கூடாது, அடுத்த வருடத்துக் கிழங்கு அதை வைத்துத்தான் பருக்கும். செடி முழுவதும் விஷம், ஆடுமாடு மேயும் பக்கம் நடாதீர்கள்.