ஈட்டு உறுதியில பழைய பேங்க் பேர், ரிலீஸ்ல புதுப்பேர்

ஈட்டு உறுதியில பேங்க்ட பழைய பேரும், ஈட்டை மீட்கிற ரிலீஸ் உறுதியில புதுப்பேரும் இருக்கிறதால காணிக் கந்தோர் திருப்பி அனுப்பிட்டுது, புது உறுதி எழுத வேணுமா எண்டு கேட்டிருக்கிறீங்க. தேவையில்ல. பேர் மாறினாலும் கம்பனி அதே கம்பனிதான், இலங்கையிட 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்க கம்பனிகள் சட்டத்தில 8ஆம் பிரிவு அதைத்தான் சொல்லுது, பழைய பேர்ல இருந்த உரிமையும் கடனும் வழக்கும் அப்பிடியே தொடரும்.

காணிக் கந்தோர்ல திருப்பி அனுப்பினதுக்குக் காரணம், ரெண்டு பேரையும் இணைக்கிற பேப்பர் ஒண்டும் ஃபைல்ல இல்லாததாத்தான் இருக்கும். பேங்க் லெட்டர்ஹெட்ல "நாங்கதான் அது" எண்டு எழுதிக் குடுத்தா அவங்களுக்குக் காணாது, பேர் மாறினதுக்குக் கம்பனிப் பதிவாளர் குடுத்த சான்றிதழ்ட உறுதிப்படுத்தின பிரதிதான் வேணும். பேங்க்ட லீகல் ஆக்களிட்ட கேளுங்க, இழுத்தடிச்சா கொழும்பு டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில இருக்கிற கம்பனிப் பதிவாளர் கந்தோர்லயே காசு கட்டி எடுக்கலாம்.

எடுத்தோடன பதிவு இலக்கத்தைப் பாருங்க, பழைய பேருக்கும் புதுப்பேருக்கும் ஒண்டா இருந்தா வெறும் பேர் மாற்றம்தான். இலக்கத்துக்கு முன்னால உள்ள பிபி (PB), பிகியூ (PQ) எழுத்து மாறியிருந்தா பயப்பட வேணாம், அது பங்குச்சந்தையில பட்டியலிட்ட கம்பனியா இல்லையா எண்ட வித்தியாசம்.

ஆனா ஒண்டு, உங்கட பேங்க் இன்னொண்டோட சேந்திருந்தா இல்லாட்டி பாராளுமன்றச் சட்டத்தால உருவானதா இருந்தா இந்தச் சான்றிதழ் மட்டும் போதாது. உதாரணமா டிஎஃப்சிசி பேங்க் 1955 சட்டத்தால வந்தது, அதைக் கம்பனியாக்க 2014ல தனிச்சட்டமே போட்டாங்க, பிறகு 2015ல வர்தன பேங்கையும் சேர்த்தாங்க. அப்பிடி கேஸ் எண்டா எந்தச் சட்டம், எந்தத் திகதி எண்டு ரிலீஸ் உறுதியிலயே நொத்தாரிசை எழுதச் சொல்லுங்க.