சி மைனர் பிரெலூட்: வேகத்தை 28-ஆம் பாரில் தேடுங்கள்

கேள்வி: இசையமைப்பாளர் பாக்கின் 'வெல் டெம்பர்ட் கிளாவியர்' முதல் தொகுதியில் வரும் சி மைனர் பிரெலூடை (முன்னிசையை) பியானோவில் பழகுகிறேன். நோட் எதுவும் தவறுவதில்லை. ஆனால் தையல் மெஷின் ஓடுவது போலக் கேட்கிறது. பெடல் போட்டும் சரியாகவில்லை. எந்த வேகத்தில் வாசிக்க வேண்டும்?

பதில்: தொடக்கத்தில் பாக் வேகம் எதுவும் குறிக்கவில்லை. பதிப்புகளில் உள்ள மெட்ரோனோம் (வேகத்தை அளந்து தட்டும் கருவி) எண்கள் பிற்காலத்தவர் சேர்த்தவை. மெல்ட்சல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியதே 1815-இல், பாக் 1750-இலேயே இறந்துவிட்டார். ஆனால் 28-ஆம் பாரில் (தாளக் கட்டத்தில்) 'பிரெஸ்டோ', அதாவது மிக வேகமாக, என்று பாக் எழுதியிருக்கிறார். அதற்கு முந்தையது பிரெஸ்டோ அல்ல என்றுதானே பொருள்? முதலில் 28-இலிருந்து வாசியுங்கள். ஒரு கை சொன்னதை மறு கை உடனே துரத்திச் சொல்லும் அந்த இடத்தை எவ்வளவு வேகத்தில் தெளிவாக வாசிக்க முடிகிறதோ, அதைவிட நன்றாகக் குறைத்து முதல் பாரைத் தொடங்குங்கள்.

மெஷின் சத்தத்துக்கு உண்மையான காரணம், எல்லா செமிகுவேவருக்கும் (பதினாறில் ஒரு பங்கு நீள நோட்டுக்கும்) ஒரே எடை கொடுப்பது. முதல் பாரில் வலக்கை மேல் சி-யைத் தொட்டுவிட்டு ஈ ஃபிளாட், டி, ஈ ஃபிளாட் என்று இறங்குகிறது. அந்த டி வெறும் தொடுசுரம், பக்கத்துச் சுரத்தைத் தொட்டுத் திரும்புவது. விரல் அதை உரசிக்கொண்டு போனால் போதும். அத்தகைய சுரங்களை விட்டுவிட்டு, பாருக்கு ஒரு கார்டாக (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டாக) அழுத்திப் பாருங்கள். முதல் நான்கு பாரிலும் அடியில் சி நகரவே இல்லை: சி மைனர், எஃப் மைனர், பி டிமினிஷ்ட், மறுபடி சி மைனர். மூன்றாம் பாரில் பி-யும் சி-யும் உரசுகின்றன, நான்காவதில் அந்த இறுக்கம் தளர்கிறது. காது இதைப் பிடித்துக்கொண்டால் கை தானாக மூன்றில் சற்று அழுத்தும், நான்கில் விடும். பாரின் பின்பாதி முன்பாதியின் நகல் என்பதற்காக ஒவ்வொரு முறையும் எதிரொலி போலச் சத்தத்தைக் குறைப்பவர்கள் உண்டு. எனக்கு அது சலிப்பு. பின்பாதியை அடுத்த கார்டை நோக்கி லேசாகச் சாய்த்தால் போதும்.

பெடலுக்குப் பதில் இடக்கைச் சுண்டுவிரலால் அடி சி-யை அரைப் பார் பிடித்து வையுங்கள். தொடுசுரங்கள் கலங்காது.

1720-இல் பாக் தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடெமனுக்காகத் தொடங்கிய பயிற்சி நோட்டில் இந்த பிரெலூடின் குறுகிய வடிவம் இருக்கிறது. பிரெஸ்டோவில் தொடங்கும் முடிவுப் பகுதி அதில் கிடையாது. ஆக, விரல் பயிற்சி போல ஒலிப்பது முழுக்க உங்கள் குற்றமல்ல. நீங்கள் வாசிக்கும் 1722 தொகுதிக்காகப் பாக் நீட்டிச் சேர்த்தது பிரெஸ்டோவும், 34-இல் அடாஜியோவும் (மெதுவாக), 35-இல் அலெக்ரோவும் (விறுவிறுப்பாக). அடாஜியோ பாரில் மட்டும் மெட்ரோனோமை நிறுத்திவிட்டு, பேசுவது போல இழுத்து வாசியுங்கள். அலெக்ரோவில் பழைய வேகத்துக்குத் திரும்பி, கடைசி மேஜர் கார்டின் ஈ நேச்சுரல் (ஃபிளாட் ஆகாத ஈ) காதில் விழும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள்.