பிளாட்டினத்தை நம்பிப் படிக்கலாமா?

கேள்வி: மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வு எழுதவிருக்கும் என் மகள் சுரங்கப் பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். மின்சாரக் கார்கள் பெருகினால் பிளாட்டினச் சுரங்கங்கள் மூடப்படும் என்கிறார்களே, சேர்க்கலாமா? – ஒரு தந்தை, சாட்ஸ்வொர்த், டர்பன்.

பதில்: உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. உலகச் சுரங்கங்களிலிருந்து வரும் பிளாட்டினத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு நம் தென்னாப்பிரிக்காவினுடையது. பெட்ரோல், டீசல் வண்டிகளின் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிக் கருவியே பிளாட்டினத்துக்கும் அதனுடன் கிடைக்கும் பல்லேடியத்துக்கும் பெரிய சந்தை. பேட்டரியில் மட்டும் ஓடும் காருக்கோ புகைக்குழாயே இல்லை. 2022-இல் அவுன்ஸுக்கு 3,000 டாலரைத் தாண்டிய பல்லேடியம் 2024-இல் 1,000 டாலருக்குக் கீழே சரிந்தபோது, பிளாட்டினச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 2025-இல் பிளாட்டின விலை மீண்டும் ஏறியது உண்மைதான்; ஆனால் நாற்பதாண்டுத் தொழிலை ஓராண்டு விலையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் ஒருவகைக் கருவிகளுக்குப் பிளாட்டினமும் இரிடியமும் தேவை என்றாலும், அந்தச் சந்தை இன்னும் சிறியது.

மாங்கனீசின் நிலை வேறு. வட கேப் மாகாணத்தில் ஹோட்டாசெல் சுற்றுவட்டாரத்தில் உலகின் மிகப் பெரிய மாங்கனீசு இருப்பு உள்ளது. ஆனால் தோண்டுவதில் பெரும்பகுதி தாதுவாகவே கப்பலேறி எஃகு ஆலைகளுக்குப் போகிறது. பேட்டரிக்கு வேண்டிய உயர்தூய்மை மாங்கனீசு சல்பேட்டைப் பெரும்பாலும் சீனாவே தயாரிக்கிறது. நம்மிடம் மண் இருக்கிறது, ஆலை குறைவு. நம் நாட்டின் எம்போம்பேலா நகரில் உயர்தூய்மை மாங்கனீசு உலோகம் தயாரிக்கும் ஆலை ஒன்று இருப்பதால், இது இங்கே இயலாத காரியமும் அன்று.

ஆகவே, சுரங்கப் பொறியியலைவிட உலோகவியல் பொறியியலையோ வேதிப் பொறியியலையோ நான் பரிந்துரைப்பேன். தாதுவை அமிலத்தில் கரைத்து, வேண்டியதைப் பிரித்தெடுக்கும் அறிவு பிளாட்டினத்துக்கும் மாங்கனீசுக்கும் வனேடியத்துக்கும் பொதுவானது. பழைய பேட்டரிகளிலிருந்து உலோகத்தை மீட்கவும் அதுவே உதவும். வேதிப் பொறியியல் டர்பனிலேயே குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உலோகவியலுக்கு ஜோகன்னஸ்பர்க்கிலுள்ள விட்ஸ் பல்கலைக்கழகம் அல்லது பிரிட்டோரியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குப் போக வேண்டும். வீட்டைவிட்டு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இதுவும் ஒரு கணக்குத்தான்.

சுரங்க நிறுவனங்கள் தரும் பர்சரியில் (கல்வி உதவித்தொகையில்), படித்த ஆண்டுகளுக்கு ஈடாக அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அந்நிறுவனம் ஒரே உலோகத்தை மட்டும் நம்பியிருக்கிறதா, ஆட்குறைப்பு வந்தால் பர்சரித் தொகையைத் திருப்பித் தர வேண்டுமா என்பவற்றைக் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.