அமெரிக்க மாநிலமான வட கரோலினாவில் ஆளுநரும் துணை ஆளுநரும் எதிரெதிர்க் கட்சியினராக இருக்க முடிவது எப்படி?

அங்கே இருவரும் ஒரே அணியாகப் போட்டியிடுவதில்லை என்பதே காரணம். ஆளுநர், துணை ஆளுநர், அரசுத் தலைமை வழக்குரைஞர், மாநிலச் செயலர், தணிக்கையாளர், கருவூலர், பொதுக்கல்விக் கண்காணிப்பாளர், வேளாண்மை, தொழிலாளர், காப்பீட்டு ஆணையர்கள் என மொத்தம் 10 நிர்வாகப் பதவிகளுக்கு, 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதிபர் தேர்தல் நாளன்றே மாநிலம் முழுவதும் தனித்தனியாக வாக்களிக்கிறார்கள்.

அதனால்தான் 2020இல் ஜனநாயகக் கட்சியின் ராய் கூப்பர் ஆளுநராகவும், குடியரசுக் கட்சியின் மார்க் ராபின்சன் துணை ஆளுநராகவும் வென்றனர். ஆளுநர் மாநிலத்தை விட்டு வெளியே சென்றால் துணை ஆளுநரே பொறுப்பு ஆளுநர் என்று மாநில அரசியலமைப்பு கூறுவதால், இது வெறும் அலங்கார வேறுபாடு அன்று. 2024இல் அதிபர் தேர்தலில் டிரம்பை ஆதரித்த அதே மாநிலம், ஆளுநராக ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைனைத் தேர்ந்தெடுத்ததோடு, பத்துப் பதவிகளையும் இரு கட்சிகளுக்கும் ஐந்தைந்தாகப் பிரித்தளித்தது.

வாக்காளருக்கு இது பெரிய சுதந்திரம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் இந்தப் பதவிகளின் அதிகாரத்தைச் சட்டமன்றம் மாற்றியமைக்க முடியும். தேர்தல் வாரிய உறுப்பினர்களை நியமிக்கும் உரிமை, 2024 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தால் ஆளுநரிடமிருந்து தணிக்கையாளருக்கு மாற்றப்பட்டது.